ஞாயிற்றுக்கிழமை மீன்

"நாற்பத்தெட்டு மணி நேரம்" என்றாள் தியாஷா. "அதுக்கு மேல லாக்கப்புல இருந்தா, கவர்ன்மென்ட் டீச்சர் தானா சஸ்பெண்ட். குற்றம் செஞ்சேனா இல்லையான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"தெரியும்" என்றார் ரமலா தீதி. "நாளைக்கு முன்ஜாமீன் மனு வருது. அது தள்ளுபடியானா நாளைக்குச் சாயங்காலமே உன்னைத் தூக்கிடுவாங்க. அதனால இன்னிக்கு ஒரு பகல்தான் நமக்கு. நந்து, கதவைச் சாத்து."

சாத்தினேன். கிருஷ்ணநகரில் மிட்டாய்க் கடை மாடியில் அலுவலகம் வைத்தால் கதவைச் சாத்தினாலும் பால் சுண்டுகிற வாசனை உள்ளே வந்துவிடும். ரமலா சமாத்தார், ஊருக்கே தீதி, அதாவது அக்கா, முப்பது வருஷம் ஜில்லா கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக உட்கார்ந்து, பொய்களுக்கு நம்பர் போட்டு அடுக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பொய்களை வக்கீல்களுக்காக உரித்துக் காட்டுகிறார். நான் நந்தலால் பைன். பதினேழு வருஷம் வக்கீல் குமாஸ்தா. வாயை அடக்கத் தெரியாததால் வேலை போயிற்று. அதே வாய்க்குத்தான் தீதி இப்போது சம்பளம் தருகிறார்.

தியாஷாவுக்கு முப்பத்தொரு வயது. கரீம்பூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். சனி ஞாயிறுகளில் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வந்து மாமியார் வீட்டுக்கு உழைத்துவிட்டுப் போவாள். வேலையை விடு என்றார்கள், விடவில்லை. ஜனவரியில் கணவன் சுப்ரஜித் கை நீட்டினான். பொறுத்துக்கொள் என்றார்கள், அதையும் செய்யவில்லை. பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டாள். அதற்குப் பதிலடியாக வந்திருப்பதுதான் மாமியார் மிருணாளினி தேவியின் போலீஸ் புகார்.

"அவர் நேத்து போன் பண்ணினார்" என்றாள் தியாஷா. "நீ உன் கேஸை வாபஸ் வாங்கு, அம்மாவும் வாங்கிடுவாங்கன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"போனை வச்சிட்டேன்."

"நல்லது. இனிமே எடுக்காதே. எடுத்தா திட்டாதே, திட்டினா அதுவும் சாட்சியாயிடும். அவங்க அனுப்பின மெசேஜ் ஒண்ணைக்கூட அழிக்காதே. போலீஸ் நோட்டீஸ் கொடுத்தா வக்கீலோட போ, ஓடி ஒளியாதே. ஓடினவளுக்கு எந்த ஜட்ஜும் ஜாமீன் தரமாட்டார்."

"ஹைகோர்ட்டுல போய்க் கேஸையே ரத்து பண்ண முடியாதா?"

"முடியும். பொய்ப் புகார் கொடுத்தாங்கன்னு அவங்க மேல திருப்பிக் கேஸும் போடலாம். ஆனா அதெல்லாம் மாசக் கணக்கு. உனக்கு இருக்கிறது மணிக் கணக்கு. முதல்ல முன்ஜாமீன், மத்ததெல்லாம் அப்புறம்."

தீதி எஃப்.ஐ.ஆர். நகலை என்னிடம் நீட்டினார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. மார்ச் எட்டு, ஞாயிறு, நண்பகல் பன்னிரண்டரை. மருமகள் ரூயி மீன் பொரித்துக்கொண்டிருந்தாளாம். மாமியார் நல்ல வார்த்தை சொன்னாராம். மருமகள் வாணலியோடு கொதிக்கும் கடுகெண்ணெயைத் தூக்கி அவர் கையில் ஊற்றினாளாம். கூடவே ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று, அதே தேதியில், வலது மணிக்கட்டில் தீக்காயம் என்று.

"இது நம்ம கோர்ட் வாசல் குமாஸ்தா சரக்கு, தீதி" என்றேன். "'நல்ல வார்த்தை சொன்னபோது'ன்னு எழுதுறவன் இந்த ஜில்லாவுலயே ரெண்டே பேர். ஒருத்தன் செத்துட்டான். இன்னொருத்தன் நான், இதை நான் எழுதல."

"மூணாவது எவனாச்சும் கத்துக்கிட்டிருப்பான். காயம் நிஜம், தேதியும் நிஜம். ஆஸ்பத்திரியில பொய்ச் சீட்டு வாங்கல." தீதி தியாஷாவைப் பார்த்தார். "அன்னிக்கு நீ எங்கே?"

"கரீம்பூர்ல. ஜுரம். அதுக்கு முந்தின வாரமும் போகல. வீட்டுக்காரம்மா மக வீட்டுக்குப் போயிருந்தாங்க. பார்த்தவங்க யாருமில்ல."

"செல்போன் டவர்?" என்றேன்.

"அந்தக் காகிதம் வர மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள இந்தப் பொண்ணு வேலையில்லாம அப்பளம் உருட்டிட்டு இருப்பா" என்ற தீதி எழுந்து, பொரி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டார். அது கிளம்புகிறோம் என்பதற்கு அடையாளம். "பொய் சொல்றவங்க பாதிக்கு மேல உண்மையைத்தான் போடுவாங்க, நந்து. காயம் உண்மை, தேதி உண்மை. சொருகினது எது?"

"மருமக."

"அது அவங்களே வேணும்னு சொருகினது. யோசிக்காம சொருகினது எது?"

நான் எஃப்.ஐ.ஆரை மறுபடி புரட்டினேன்.

"மீன்" என்றார் தீதி. "வா, மார்க்கெட்டுக்குப் போவோம்."

*

இந்த ஊரில் ஒருவனுடைய வருமானம் மனைவிக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். அவன் வீட்டில் இன்று என்ன மீன் என்பது தெருவுக்கே தெரியும். தியாஷாவின் மாமனார் பிரணவேஷ் ராய்சௌதுரி வீட்டுக்கு முப்பது வருஷமாக மீன் கொடுப்பவர் ஹாரான் ஹால்தார். நாங்கள் போனபோது அரிவாள்மணையின் முன் குந்தியபடி ஒரு கட்லாவின் தலையைப் பிளந்துகொண்டிருந்தார்.

"பிரணவேஷ் பாபுவா?" என்றார். "அவர் மீன் வாங்க வந்தா எனக்குப் பரீட்சை எழுதுற மாதிரி. செவுளைத் திறந்து பார்ப்பார், வயித்தை அமுக்கிப் பார்ப்பார், மீனோட அப்பா பேர் மட்டும்தான் கேக்க மாட்டார். தினமும் வருவார்."

"போன எட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை என்ன வாங்கினார்?" என்று கேட்டார் தீதி.

"ஞாயித்துக்கிழமையா?" ஹாரான் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார். "அன்னிக்கு எங்கே வாங்கினார்? பதிமூணு நாள் இந்தப் பக்கமே வரலியே. முகத்துல தாடி, கால்ல செருப்பில்ல. அந்த மூலையில வாழைக்காய் வாங்கிக்கிட்டு, மூக்கை வேட்டி நுனியால மூடிக்கிட்டுப் போவார். காசியில பங்காளி ஒருத்தர் போயிட்டாராம். பெரியப்பா மகன்."

நான் தீதியைப் பார்த்தேன். தீதி மீனைப் பார்த்தார்.

"தீட்டு எப்போ முடிஞ்சுது?"

"பதினொண்ணாம் தேதி. மறுநாள் காலையில வந்து நாலு கிலோ கட்லா வாங்கினார். அன்னிக்குத்தான் எனக்கே வயிறு நிறைஞ்சுது."

பங்காளித் தீட்டு. எட்டாம் தேதியும் அதற்குள் அடக்கம். ராய்சௌதுரி மாதிரியான வீட்டில் அந்த நாட்களில் மீன் வாசலைத் தாண்டாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. ஒரே பானையில் அரிசியும் காயும் வெந்து, மேலே கொஞ்சம் நெய், அவ்வளவுதான். எனக்குக் குமாஸ்தா நாற்காலியில் நடந்தது கண்முன்னே ஓடியது. எண்ணெய் ஊற்றினாள் என்று எழுதுங்கள் என்று சுப்ரஜித் சொல்லியிருப்பான். என்ன பொரித்தாள் என்று அந்தக் குமாஸ்தா கேட்கக்கூட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை, நண்பகல், வங்காளி வீடு. கை தானாக ரூயி மீன் என்று டைப் அடித்திருக்கும். நானாக இருந்தாலும் அதைத்தான் அடித்திருப்பேன்.

"பங்காளி செத்ததையே மருமககிட்ட சொல்லல பாருங்க" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "தீட்டுக்குக்கூட அந்தப் பொண்ணைக் குடும்பத்துல சேர்க்கல. ஜெயிலுக்கு அனுப்ப மட்டும் மருமக."

"சொல்லியிருந்தா இந்த எஃப்.ஐ.ஆரைப் படிச்சதுமே அவளே சிரிச்சிருப்பா." தீதி குனிந்தார். "ஹாரான், இதை ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரியா?"

ஹாரான் கட்லாவின் கண்ணைப் பார்த்தார். "தீதி, உங்களுக்கு வேணும்னா இந்த மீனைச் சும்மா எடுத்துட்டுப் போங்க. அவர் என் முப்பது வருஷக் கிராக்கி. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

வெளியே வந்ததும் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "போச்சு. ஜட்ஜுக்குக் காகிதம் வேணும். பங்காளிகள் எழுதித் தரமாட்டாங்க. புரோகிதர் தரமாட்டார். யார் எழுதுவா?"

"பிரணவேஷ் ராய்சௌதுரி" என்றார் தீதி.

"அவர் மாமனார், தீதி. எதிர்க்கட்சி."

"அவர் இந்த எஃப்.ஐ.ஆரைப் படிச்சிருப்பார்னு நினைக்கிறியா?"

யோசித்தேன். மகன்தான் அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருக்கிறான். புகாரில் கிழவரின் கையெழுத்து இல்லை. இங்கிலீஷ் படிப்பதை அவர் வெள்ளைக்காரனுக்குச் செய்யும் சேவகமாக நினைப்பவர். தமது புகார்களைத் தம் கைப்பட, கம்பீரமான வங்காள மொழியில்தான் எழுதுவார். ஸ்டேஷனின் பொதுப் பதிவேட்டில் புகார் பதிவதை நாங்கள் ஜி.டி. என்போம். ஒலிபெருக்கிக்கு ஒரு ஜி.டி., பக்கத்து வீட்டு முருங்கைமரத்துக்கு ஒரு ஜி.டி., தம் தின்பண்டத்தைத் தின்ற ஆட்டுக்கு ஒரு ஜி.டி. என்று வருஷத்துக்குப் பத்தாவது தேறும். முத்திரை வைத்த நகலை ஜெராக்ஸ் எடுத்துத் தெரு கிளப்பின் பலகையில் ஒட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"அவர் வீட்டுல கேட்டுட்டா?" என்றேன். "பொண்டாட்டி உஷார் பண்ணிட்டா?"

"அவர் வீட்டுல யாரையும் எதையும் கேக்கிற ஆளில்ல. அந்த வீட்டோட வியாதியே அதுதான்."

பூஜைச் சாமான் கடையில் புரோகிதர் தாராபதோ பட்டாச்சார்யா கோமியப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தீதி ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"தாக்கூர்மஷாய், பங்காளித் தீட்டுல வீட்டுக்குள்ள எண்ணெய்ச் சட்டி வச்சு ரூயி மீன் பொரிச்சா என்ன பரிகாரம்?"

புரோகிதரின் கை நின்றது. "யார் வீட்டுல?"

"ஒரு காகிதத்துல படிச்சேன். ராய்சௌதுரி வீட்டுல, எட்டாம் தேதின்னு போட்டிருக்கு. உண்மையா பொய்யான்னு எனக்குத் தெரியாது. பரிகாரம் என்னன்னுதான் கேக்கிறேன்."

"எட்டாம் தேதியா? பத்தாம் நாள் அவங்களுக்கு நான்தானே ஆத்தங்கரையில சடங்கு பண்ணி வச்சேன்." அவர் முகம் வெளிறியது. "அப்போ என் சடங்கு?"

"அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன்" என்றார் தீதி.

நாங்கள் தெருமுனையைத் திரும்புவதற்குள் புரோகிதர் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். தீதி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

*

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். நான் ஆறு டீ குடித்தேன். மூன்று மணிக்குத் தியாஷா போன் செய்து, ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். தீதி "காத்திட்டிருக்கோம்" என்று மட்டும் சொன்னார். மூன்றரைக்கு எழுந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கிழவர் கோபத்தில் மகனைக் கூப்பிட்டு விசாரித்தால் முடிந்தது கதை. சுப்ரஜித் எஃப்.ஐ.ஆரில் மீனைக் கத்தரிக்காய் ஆக்கிவிடுவான். கூடுதல் வாக்குமூலம் என்று ஒன்று இருக்கிறதே.

"தீதி, நாமே அவங்களுக்கு ஓட்டையைக் காட்டிட்டோமோ?"

"பொரி சாப்பிடு" என்றார் தீதி.

நாலு மணி சுமாருக்கு ஒரு டோட்டோ, அதாவது பேட்டரி ரிக்ஷா, வந்து நின்றது. பிரணவேஷ் ராய்சௌதுரி இறங்கினார். எழுபத்தொரு வயது, கஞ்சி போட்ட வேட்டி, சட்டைப்பையில் பேனா. தலையில் மொட்டை அடித்த முடி அரிசி நீளத்துக்கு வளர்ந்திருந்தது. கையில் நாலு பக்கத்துக்குக் குறையாத காகிதம். உள்ளே போனவர் அரை மணி நேரத்தில் வெளியே வந்தார். நேராக ஜெராக்ஸ் கடை, அங்கிருந்து கிளப் பலகை.

நாங்கள் பின்னாலேயே போனோம். அவர் நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டி முடிக்கும்வரை தீதி காத்திருந்து, "என்ன மஷாய், மறுபடியும் ஆடா?" என்று கேட்டார்.

"ஆடு இல்லம்மா, அதைவிட ஈனப் பிறவி ஒண்ணு" என்றார் கிழவர். "என் வீட்டுல தீட்டு நாள்ல மீன் பொரிச்சாங்கன்னு ஊரெல்லாம் வதந்தி. புரோகிதரே வந்து என்னைப் பார்த்துக் கேக்கிறார். எவன் பரப்பினான்னு போலீஸ் கண்டுபிடிக்கணும். படிச்சுப் பாருங்க."

படித்தேன். படிக்கப் படிக்க என் காதுக்குள் கோர்ட் மணி அடித்தது.

இருபத்தேழு பிப்ரவரி முதல் பதினொன்று மார்ச் வரை என் இல்லத்தில் மீன் நுழையவில்லை, எண்ணெய் அடுப்பேறவில்லை என்று அவர் ஆணித்தரமாக எழுதியிருந்தார். அத்தோடு நிறுத்தவில்லை. சான்றும் கொடுத்திருந்தார். எட்டாம் தேதி ஞாயிறன்று, வீட்டில் வேறு பெண்கள் யாருமில்லாத நிலையில், என் மனைவி மிருணாளினி அறுபத்தாறு வயதில் தானே மண்பானையில் அன்னம் வடித்து, அந்தக் கஞ்சி கொட்டி வலது மணிக்கட்டு வெந்துபோன பிறகும், நியமம் தவறாமல் சமையலை முடித்தாள். இத்தகைய உத்தமியின் அடுப்பையா மாசுபடுத்துகிறீர்கள்?

கீழே ஸ்டேஷன் முத்திரை, ஜி.டி. எண், நேரம்.

நான் இரண்டாம் தடவை படித்தேன். வேறு பெண்கள் யாருமில்லை. கஞ்சி. வலது மணிக்கட்டு. நாங்கள் மீன் ஒன்றுக்குத்தான் தூண்டில் போட்டோம். அவர் குளத்தையே தூக்கிக் கொடுத்திருந்தார்.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க" என்றார் தீதி. "எனக்கு ஒரு நகல் தருவீங்களா? உங்க கையெழுத்தோட?"

கிழவர் பெருமையோடு ஒரு நகலில் கையெழுத்திட்டுத் தேதி போட்டுக் கொடுத்தார். தீதி அதை மடித்துப் பையில் வைத்து, பையை மூடி, அதன் பிறகுதான் சொன்னார்.

"என் பேர் ரமலா சமாத்தார். உங்க மருமக தியாஷாவுக்காக வந்திருக்கேன். மீன் பொரிச்சதா எழுதினது வதந்தி இல்ல, உங்க மனைவியோட போலீஸ் புகார். இந்தாங்க, வங்காள மொழியில எழுதி வச்சிருக்கேன்."

அவர் நின்றபடியே படித்தார். முதல் தடவை வேகமாக, இரண்டாம் தடவை விரலை வைத்து. கழுத்து நரம்பு புடைத்தது.

"இங்கிலீஷ்ல இருந்துது" என்றார் கடைசியில். "மாமியாரை மதிக்கலன்னு கேஸ்னு பையன் சொன்னான்."

"ஜி.டி.யை இனிமே திரும்ப வாங்க முடியாது" என்றேன். ஒரு பழைய குமாஸ்தாவாக இதைச் சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. "தைச்ச பதிவேடு. பக்கத்தைக் கிழிச்சா அது வேற கேஸ்."

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருடா திரும்ப வாங்கறது? நான் எழுதினது சத்தியம். ஒரு எழுத்தை மாத்த மாட்டேன், பிரம்மா வந்து சொன்னாலும்." பசை டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தவர் திரும்பினார். "அதுக்காக அவளை நல்லவன்னு நான் சொன்னதா நினைச்சுக்காதீங்க."

"அதைச் சொல்லச் சொல்லி உங்களை யாரும் கேக்கல" என்றார் தீதி.

*

மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு ஜில்லா நீதிபதி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸ்டேஷன் பதிவேட்டையும் வரவழைத்திருந்தார். அரசு வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"மனைவி எண்ணெய்ங்கிறார். கணவர் கஞ்சிங்கிறார்" என்றார் நீதிபதி. "ஒரே வீடு, ஒரே நாள், ஒரே கை. மருமகள் அன்னிக்கு அங்கே இருந்தாங்கன்னு வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இப்போதைக்கு இல்லைங்க."

முன்ஜாமீன் கிடைத்தது. விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை. நான் வராண்டாவுக்கு வந்து, யாரும் பார்க்காதபோது தூணைக் கட்டிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் வேலை பிழைத்தது.

சுப்ரஜித் அங்கேதான் நின்றிருந்தான். வேர்த்த சட்டை, தூங்காத கண். நேராகத் தீதியிடம் வந்தான்.

"மாஷிமா, போதும். பாபா என்கூடப் பேசறதில்ல. மா சாப்பிடல. நாங்க புகாரை வாபஸ் வாங்கிடறோம். அவளும் தன்னோட கேஸை வாங்கிக்கட்டும். ரெண்டும் சரியாப் போச்சுன்னு வச்சுக்குவோம். அவ எங்கே?"

"பள்ளிக்கூடத்துல" என்றார் தீதி. "முன்ஜாமீனுக்கு ஆள் வரணும்னு இல்ல. லீவு போட மாட்டேன்னுட்டா. அவகிட்டயே கேளு."

போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுபக்கம் குழந்தைகளின் இரைச்சல், தட்டு உருளும் சத்தம். சாப்பாட்டு வேளை. தீதி முதலில் தீர்ப்பைச் சொன்னார். பிறகு சுப்ரஜித் அதே பேரத்தைச் சொன்னான், இந்த முறை கெஞ்சலாக.

"நான் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள் தியாஷா. "நான் எழுதினது நடந்தது. நீங்க எழுதினது நடக்காதது. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க."

"சரி, நீ வாங்க வேண்டாம். நாங்க மட்டுமாவது வாங்கிக்கிறோம். உனக்கு நல்லதுதானே?"

"நீங்களும் வாங்கக் கூடாது."

சுப்ரஜித் போனையே பார்த்தான். நானும்தான்.

"நீங்களா எடுத்துக்கிட்டா அது நீங்க எனக்குப் போட்ட பிச்சையாயிடும்" என்றாள். "நாளைக்கு ஊர்ல, பாவம்னு மன்னிச்சு விட்டோம்னு சொல்லுவீங்க. எனக்கு மன்னிப்பு வேண்டாம். அது பொய்னு கோர்ட் எழுதணும். எழுதற வரைக்கும் நான் எங்கேயும் போகப் போறதில்ல. ரமலா தீதி, கிளாஸுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

சுப்ரஜித் படியிறங்கிப் போனான். தீதி போனைப் பையில் போட்டார், எங்கள் வக்கீலின் பக்கம் திரும்பினார்.

"பொய்க் கேஸை ரத்து பண்ற ஹைகோர்ட் மனுவை இன்னிக்கே எழுத ஆரம்பிங்க" என்றார்.